வாசகர் கேள்வி பதில்: கடலோரத்து ஹோட்டலும் கட்டில் இல்லாத கிட்டங்கியும்

போன இதழில் பினாங்கு ஃபார்குவார் தெருவில் உள்ள ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் (ஊரில் எல்லாருக்கும் அது ஈ அண்ட் ஓ) பழைய படம் ஒன்றைப் போட்டாலும் போட்டோம், கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. வழக்கமான சமையல், ஜாதகக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஹோட்டல்தான்.

கேள்வி: எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மருமகள் ஈ அண்ட் ஓ-வில் அறை போட்டிருக்கிறாள். 'பல நூற்றாண்டுப் பழமையான ஹோட்டல் மாமா' என்கிறாள். நிஜமாகவே அவ்வளவு வயசா? (பட்டர்வொர்த் வாசகர்)

மருமகள் காசு போட்டு அறை எடுத்துத் தருகிறாள் என்றால் கட்டடத்தின் ஜாதகத்தையெல்லாம் பார்க்கக் கூடாது ஐயா, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஃபெரி ஏறிவிட வேண்டும். சரி, கேட்டுவிட்டீர்கள். ஹோட்டல் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1885. அப்படிப் பார்த்தால் சுமார் 140 வயசு. ஜார்ஜ் டவுன் நகரமே 1786ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கி ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிறகு வளர்ந்ததுதான், அதனால் இந்த ஊரில் யாராவது முந்நூறு வருஷத்து ஹோட்டல் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று மூன்று நூற்றாண்டுகளைப் பார்த்த ஹோட்டல் என்றால் சரி. உங்கள் மருமகள் அந்தக் கணக்கில்தான் சொல்லியிருப்பார், விட்டுக்கொடுங்கள்.

ஆரம்பித்தவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள். பாரசீகத்து இஸ்பஹான் பக்கத்திலிருந்து வந்த ஆர்மீனியர்கள். மார்ட்டின், டிக்ரான் என்ற இருவர் முதலில் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே லைட் தெருவில் ஈஸ்டர்ன் என்று ஒரு ஹோட்டல் நடத்தினார்கள், கூட்டம் சேர்ந்ததும் ஃபார்குவார் தெருவில் கடலைப் பார்த்தாற்போல ஓரியண்டல் என்று இன்னொன்று. 1889ல் இரண்டு பெயரும் ஒன்றாகிவிட்டது. அவ்வளவுதான் பெயர்க் காரணம். அதற்கு வெகுகாலம் முன்பே ஆர்மீனிய வியாபாரிகள் இங்கே இருந்ததற்கு ஆர்மீனியன் தெருவே சாட்சி, இன்றைக்கு எல்லாரும் சுவர் ஓவியத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்களே, அதே தெருதான்.

ஆனால் ஒன்று. ஹோட்டலுக்கு 140 வயசு என்பதால் உங்கள் அறைக்கும் 140 வயசு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் இன்று பார்க்கும் வெள்ளைக் கட்டடத்தின் தோரணை பெரும்பாலும் 1920களில் அந்தச் சகோதரர்களின் தம்பி ஆர்ஷாக் விரித்துக் கட்டியதன் சாயல். முதல் உலகப் போர் வெற்றியை நினைத்து 1923ல் விக்டரி அனெக்ஸ் என்று ஒரு பகுதி கட்டினார்கள், இப்போது அதே பெயரில் நிற்கும் கட்டடமோ 2013ல் திறந்தது. நடுவில் 1996ல் ஹோட்டலை மூடி, உள்ளே எல்லாவற்றையும் செப்பனிட்டு 2001ல்தான் மறுபடி திறந்தார்கள். அதனால் வரவேற்பு மேசையில் 'எந்தப் பகுதி அறை?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய வாசனைதான் வேண்டும் என்றால் ஹெரிடேஜ் பகுதியைக் கேட்க வேண்டும்.

கேள்வி: ஏர்கோன் இல்லாத காலத்தில் அந்த அறைகளில் எப்படித்தான் படுத்தார்கள்? என் வீட்டில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் பிள்ளைகள் ஆடித் தீர்த்துவிடுகிறார்கள். (சுங்கை பட்டாணி வாசகி)

இந்த மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் அம்மா. ஹோட்டல் வரலாறு என்றாலே யார் யார் வந்து தங்கினார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். காற்று எந்தப் பக்கமாக வந்தது, தண்ணீரை யார் சுமந்தார்கள், அழுக்குத் துணி எங்கே போனது என்று கேட்டால்தான் அறையின் வரலாறு தெரியும் என்பது என் கட்சி.

முதலில் காற்று. ஈ அண்ட் ஓ இருக்கும் இடம் தீவின் வடக்குக் கரை, கடல் நேர் எதிரே. அந்தக் காலத்தில் அறைக்கு முன்னால் வராந்தா, பின்னால் குளியலறை, நடுவில் படுக்கை என்று ஒரே நேர்கோட்டில் வைத்துவிடுவார்கள். முன்கதவையும் பின்கதவையும் திறந்தால் கடல்காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும். கூரை மிக உயரம், ஏனென்றால் சூடான காற்று மேலே போய்த் தங்கிக்கொள்ளும், கட்டிலில் படுத்திருப்பவர் அதற்கு வெகு கீழே இருப்பார். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, சாய்த்து அடித்த மரச்சட்டங்கள்தான். மழைச் சாரல் உள்ளே வராது, காற்று வரும், எதிர் அறைக்காரர் கண்ணும் வராது. கதவுகூட முழுக்கதவு இல்லை, பல ஹோட்டல்களில் இடுப்புக்கும் தலைக்கும் நடுவே மறைக்கும் அரைக்கதவுதான். பக்கத்து அறையில் குறட்டை விட்டால் அந்த மாடி முழுக்கக் கேட்கும், அதைப் பற்றி அன்றைக்கு யாரும் புகார் எழுதவில்லை போலும்.

மின்விசிறி வரும் முன் பங்கா. கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை சுவரைத் துளைத்து வெளியே போகும், அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பான். இந்தியாவிலிருந்து வந்த பழக்கம், இங்கே அந்த வேலைக்கு வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. சாப்பாட்டு மண்டபத்தில் நூறு பேர் தின்றுகொண்டிருக்க, கயிறு இழுத்தவனுக்கு மட்டும் அந்தக் காற்று படாது.

கட்டில் பெரிசு, சுற்றிலும் கொசுவலை. மேலே போர்த்திக்கொள்ள ஒன்றும் தரமாட்டார்கள், அதற்குப் பதில் நீளமாக உருட்டிய தலையணை ஒன்று இருக்கும். மலாய்க்காரர்கள் பந்தால் பெலுக் என்பார்கள், உங்கள் வீட்டிலும் நிச்சயம் ஒன்று கிடக்கும். அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் கையும் காலும் உடம்போடு ஒட்டாமல் வியர்வை காயும். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் இது என்ன சமாச்சாரம் என்று விழித்தார்களாம், இரண்டு ராத்திரி போனதும் அது இல்லாமல் தூக்கம் வரவில்லையாம்.

குளியலறைதான் வேடிக்கை. குழாய் கிடையாது. சிமெண்டுத் தரை, மூலையில் இடுப்பளவு உயர மண் ஜாடி, ஷாங்காய் ஜாடி என்பார்கள், பக்கத்தில் ஒரு தகரக் குவளை. மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும், நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் நேராக ஜாடிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து, எழ முடியாமல் மாட்டிக்கொண்ட கதையை அந்தக் காலத்தவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது ஈ அண்ட் ஓ-வின் கதை மட்டும் இல்லை, மலாயா முழுக்க ஹோட்டலும் ரெஸ்ட் ஹவுசும் இப்படித்தான் இருந்தன. கக்கூஸ் வாளிக் கக்கூஸ். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கென்று பின்பக்கம் தனிப் படிக்கட்டு. பழைய கட்டடங்களின் பின்பக்கம் இரும்புச் சுழல்படியைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று படம் பிடிக்கிறார்களே, அதில் பலவும் இந்த வேலைக்காக வைத்தவை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு 1920களின் கடைசியில் ஈ அண்ட் ஓ பெருமையடித்துக்கொண்டதைக் கேளுங்கள்: நூறு அறை, அதில் நாற்பதுக்கு ஒட்டிய குளியலறை, குழாயில் வெந்நீரும் தண்ணீரும், அறைக்கு அறை டெலிபோன், முன்னால் 842 அடி நீளக் கடலோரப் புல்வெளி. இன்றைக்கு நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஜாடியில் மொண்டு குளித்த ஊரில் குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது பெரிய அதிசயம்தான்.

அழுக்குத் துணி? அந்த வெயிலில் வெள்ளை ட்ரில் உடுப்பைத் துரைமார் ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுவார்கள், மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் வேறு. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் டோபி காட் என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது, தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம், அங்கே ராமர் கோயிலும் உண்டு. ஊரின் வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்ததற்கு அவர்கள் கைதான் காரணம். சமையலறையிலும் அறைப் பணியிலும் பெரும்பாலும் ஹைனான் சீனர்கள். இன்றைக்கும் பினாங்கில் பழைய பாணி சிக்கன் சாப் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஹைனான் கடையைத்தான் காட்டுவார்கள், துரைமார் சமையலறையில் கற்ற கை அது.

கேள்வி: சார்க்கீஸ் தம்பி ஒருவர் தலையில் விஸ்கி கிளாஸை வைத்துக்கொண்டு நடனம் ஆடினாராமே, உண்மையா? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

அப்படித்தான் சொல்கிறார்கள் தம்பி. அவர்தான் ஆர்ஷாக். வழுக்கைத் தலையில் விஸ்கி கிளாஸ், ஒரு சொட்டு சிந்தாமல் வால்ட்ஸ். சகோதரர்கள் நான்கு பேர்: மார்ட்டின், டிக்ரான், அவியத், ஆர்ஷாக். சிங்கப்பூரில் 1887ல் திறந்த ராஃபிள்ஸ் ஹோட்டல் இவர்களுடையது, ரங்கூனில் 1901ல் திறந்த ஸ்ட்ராண்டும் இவர்களுடையது, பினாங்குக் கொடிமலை மேல் இருந்த கிராக் ஹோட்டலும் இவர்கள் கைக்கு வந்தது. பினாங்கைப் பார்த்துக்கொண்டவர் ஆர்ஷாக்.

லாபத்துக்காக ஹோட்டல் நடத்துகிறாரா, விருந்து வைப்பதற்காக நடத்துகிறாரா என்று ஊர் பேசியதாம். கையில் காசு இல்லாத தோட்டத்துத் துரைக்குக் கடன், ஊர் திரும்ப வழியில்லாதவருக்குக் கப்பல் கூலி, கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு 'போய் வா' என்று அனுப்பும் தாராளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரப்பர் விலை ஏறுமுகமாக இருந்தவரை அது ஓடியது. 1929க்குப் பிறகு உலகமே மந்தத்தில் விழுந்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது, துரைமார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பில்லெல்லாம் வெறும் காகிதம் ஆனது. 1931 ஜனவரியில் ஆர்ஷாக் இறந்தார், அதே வருஷம் சார்க்கீஸ் கம்பெனி திவால்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் இங்கே பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதே ரப்பர் மரத்தின் அடியில் இருந்தவர்களை நாமாவது சேர்த்துச் சொல்ல வேண்டாமா. நாளொன்றுக்கு 50 காசாக இருந்த தமிழ் ஆண் தொழிலாளியின் கூலியை 1930ல் 40 காசாகக் குறைத்தார்கள், அப்புறம் இன்னும் குறைத்தார்கள். வேலை இல்லை என்று சொல்லி லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குப் பில்லைக் கிழித்துப்போட ஆர்ஷாக் மாதிரி யாரும் இல்லை.

கேள்வி: அங்கே பேய் உண்டா? (கூலிம் வாசகி, வயது 15)

இல்லை. இருந்தாலும் அந்த வாடகைக்குக் கட்டுப்படி ஆகாது. சில கட்டடங்களில் நாலாவது மாடிக்குப் பதில் 3ஏ என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, சீனருக்கு நாலு ஆகாது, அவ்வளவுதான்.

கேள்வி: எழுத்தாளர்கள் கிப்ளிங் தங்கினார், ஹெஸ்ஸே தங்கினார், சாமர்செட் மாம் தங்கினார் என்று அறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர் ஒருவர்கூடவா தங்கவில்லை? ஊருக்குக் கப்பல் கப்பலாக வந்தது நாம்தானே. (நிபோங் திபால், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

சார், கேள்வியிலேயே கொஞ்சம் சூடு தெரிகிறது, நியாயமான சூடுதான். வந்தவர்கள் பெயரில் பொய் இல்லை. கிப்ளிங் 1889ல் கல்கத்தாவிலிருந்து ஜப்பான் போகிற வழியில் பினாங்கைத் தொட்டுப் போனார். ஹெஸ்ஸே 1911ல் வந்தார். அவருடைய தாய்வழித் தாத்தா கேரளத்தில் இருந்து மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட் என்பதும், அம்மா தலச்சேரியில் பிறந்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது. பினாங்கும் சிங்கப்பூரும் சுமத்ராவும் பார்த்தவர் தாத்தாவின் இந்திய மண்ணில் கால் வைக்காமலே ஊர் திரும்பிவிட்டார்.

நம்மவர் விஷயத்துக்கு வருவோம். ஒரே துறைமுகம், இரண்டு விதமாக இறங்கினார்கள். முதல் வகுப்புப் பயணி இறங்கி ரிக்‌ஷா பிடித்து ஈ அண்ட் ஓ போவார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி மேல்தட்டில் பாய் விரித்து வந்தவர்களோ முதலில் ஜெரெஜாக் தீவு. அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அம்மை குத்தி, துணியையெல்லாம் புகை போட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பினாங்குக் கரை. ரஜுலா கப்பலை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926ல் கட்டியது, ஆரம்பத்தில் மேல்தட்டில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் ஆள் ஏற்ற அனுமதி இருந்தது. ஐயாயிரம் பேர்! ஈ அண்ட் ஓ-வின் நூறு அறையையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஐம்பது பேரை அடைத்தால் வருகிற கணக்கு. எழுபதுகளின் தொடக்கம் வரை அந்தக் கப்பல் ஓடியது. ஜெரெஜாக் தீவில் எந்த அறைக்கும் யார் பெயரும் வைக்கவில்லை.

காசு இருந்த தமிழர்கள் எங்கே தங்கினார்கள் என்றால், அதற்கு நம்மிடமே ஒரு ஏற்பாடு இருந்தது: கிட்டங்கி. பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. முன்னால் அஞ்சடி (கடை வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதை), உள்ளே நுழைந்தால் நீளக் கூடம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், அதன் முன்னால் சாய்வான சின்னக் கணக்கு மேசை, தரையில் பாய். பகலில் அதே இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து வட்டிக்கடை. ராத்திரி அதே பாயில் தூக்கம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பதவி வரிசை, எல்லாருக்கும் பொதுவாக ஊரிலிருந்து வந்த சமையலாள். மேலாள் மூன்று வருஷம் போல இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் வந்து உட்காருவார். குடும்பத்தைக் கூட்டிவர மாட்டார்கள். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர், தோட்டமே அடமானமாகக் கையில் வைத்திருந்தவர், ஒரு தலையணையும் ஒரு தகரப் பெட்டியுமாகத் தரையில் படுத்தார். ஈ அண்ட் ஓ-வில் பில்லுக்குக் கையெழுத்துப் போட்ட துரைகளில் எத்தனை பேர் காலையில் கிட்டங்கி வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆசைதான்.

அதே பினாங்கு வீதியில்தான் கோயில் வீடும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். தண்ணீர்மலை செட்டியார் கோயில் 1857ல் எழுந்தது, அதாவது ஈ அண்ட் ஓ-வை விட மூத்தது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோ 1801ல் காதர் மொகிதீன் தலைமையில் தொடங்கியது. பழமை வேண்டும் என்று யாராவது கேட்டால் ஹோட்டலைத் தாண்டி இந்தப் பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள் சார்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் வெள்ளைக்காரர்கள் ராவோடு ராவாகத் தீவை விட்டுக் கிளம்பினார்கள், நம்மிடமும் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது ஊரைக் கையில் எடுத்துக்கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி, இனி குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு வானொலியில் தெரிவித்தவர் பத்திரிகையாசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கோட்டையிலிருந்து ஈ அண்ட் ஓ நடக்கிற தூரம். ஒரு அறைக்கு அவர் பெயர் வைத்தால் குடி முழுகிப் போகாது.

கேள்வி: நீல மாளிகை ஈ அண்ட் ஓ-வை விடப் பழசா? அந்த நீலம் என்ன பெயிண்ட்? (ஈப்போ வாசகி)

கிட்டத்தட்ட சமவயசு. லீத் தெருவில் இருக்கும் அந்த மாளிகையை சியோங் ஃபாட் ட்சே என்ற ஹக்கா சீனச் செல்வந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கினார். 38 அறை, 5 முற்றம், 7 படிக்கட்டு, 220 ஜன்னல். இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை, தரை ஓடு இங்கிலாந்திலிருந்து, கூரை விளிம்பில் உடைத்த பீங்கான் துண்டு ஒட்டிச் செய்த பொம்மைகள் சீனக் கைவேலை.

நீலம் பெயிண்டே இல்லை அம்மா. சுண்ணாம்போடு அவுரி நீலம் கலந்து பூசியது, அவுரி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. நம் ஊரில் ஏக்கர் ஏக்கராக விளைந்து, விவசாயியை வாட்டி, வெள்ளைக்காரனைப் பணக்காரனாக்கிய அதே அவுரி. சுண்ணாம்புப் பூச்சு என்பதால் சுவர் மூச்சு விடும், மழைக்காலத்தில் ஈரம் உள்ளே தங்காது. அவர் 1916ல் இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதிவைத்திருந்தார், அந்த மகன் இறந்தது 1989ல். அதற்குள் வீட்டில் ஏகப்பட்ட குடித்தனம், முற்றத்தில் மோட்டார் சைக்கிள், கயிற்றில் துணி. பிறகு வாங்கியவர்கள் பொறுமையாகச் செப்பனிட்டார்கள், 2000ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. இப்போது தங்கும் விடுதி. தங்க வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை, சுற்றிக்காட்டுகிறார்கள், அதற்குப் போனாலே போதும். என்னைக் கேட்டால் கட்டட விஷயத்தில் ஈ அண்ட் ஓ-வை விட இதற்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: பினாங்கு பினாங்கு என்றே எழுதுகிறீர்களே, கோலாலம்பூரில் பழைய ஹோட்டலே இல்லையா? (கிள்ளான் வாசகர்)

இருக்கிறதே. துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில், பழைய பத்து ரோட்டில், கொலிசியம் 1921ல் திறந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் 1932ல் திறந்தது, 1984லிருந்து தேசிய ஓவியக் கூடமாக இருந்துவிட்டு, 2012ல் மறுபடி ஹோட்டலானது. 1910ல் கட்டிய ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருந்தது, தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கோபம் வேண்டாம், கோலாலம்பூருக்குத் தனி இதழே போடலாம்.

கேள்வி: ஜார்ஜ் டவுனில் தாத்தா வாங்கிய கடைவீடு ஒன்று பங்கில் எனக்கு வந்திருக்கிறது. மாடியில் நான்கு அறை. தங்கும் விடுதியாக்கலாமா? சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது, கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். (கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வாசகர்)

கொத்தனாரை முதலில் நிறுத்துங்கள் தம்பி, மீதியை அப்புறம் பேசலாம்.

பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், அது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே தேங்கிச் செங்கல்லையே பொடியாக்கும், இரண்டு மழைக்காலத்தில் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே கெடுதல்தான் செய்யும். சிமெண்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட வேண்டும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கை வேண்டும். பினாங்கில் இப்போது அந்தக் கை கிடைக்கிறது, கூலி கூடுதல்தான்.

ஏன் இவ்வளவு கடைவீடுகள் திடீரென்று விடுதியாகின என்று யோசித்திருக்கிறீர்களா? 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகை அற்பம், அதனால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை, குடியிருந்தவரும் நகரவில்லை, கட்டடங்கள் இடிக்கப்படாமல் அப்படியே நின்றன. 1997ல் சட்டத்தை நீக்கினார்கள், 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுக்கப் போய்விட்டது, வாடகை எகிறியது, தலைமுறையாக இருந்த பொற்கொல்லரும் பூக்காரரும் மாவு அரைத்துக் கொடுத்தவரும் தீவின் உள்பக்கத்துக்கும் அக்கரைக்கும் போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்ததும் காலியான வீடுகளைத் தேடி முதலீடு வந்தது. அழகாகச் செப்பனிட்ட விடுதிகள் நிறைய. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தத் தெருவில் சமையல் வாசனை வருகிற வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கசக்கும். உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இப்போது யாராவது கடை வைத்திருந்தால், அவரை வைத்துக்கொண்டே மாடியை மட்டும் விடுதியாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வருகிற விருந்தாளிக்கும் காலையில் இட்லி வாங்கக் கீழே ஒரு ஆள் இருப்பது நல்லதுதானே.

மற்றபடி: வீடு மரபுடைமைப் பகுதிக்குள் இருந்தால் ஜன்னலை மாற்றுவதற்குக்கூட மாநகர் மன்றத்தில் கேட்க வேண்டும், வரைபடம் இல்லாமல் சுத்தியலைத் தூக்காதீர்கள். நடு முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி இன்னொரு அறை எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், மூடினால் வீட்டுக்குள் காற்றும் போச்சு, வெளிச்சமும் போச்சு, மாதாமாதம் கரண்ட் பில்தான் மிச்சம். அஞ்சடியில் மேசை நாற்காலி போட்டு வழியை அடைக்காதீர்கள், அது நடக்கிறவர்களுக்கானது. மாடித் தரை செங்கால் மரமாக இருந்தால் பிடுங்காமல் தேய்த்து எண்ணெய் கொடுத்தாலே போதும், ஆனால் உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையில் கரையான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பூச்சு வேலையை அதற்கு அப்புறம் தொடங்கலாம். குளியலறைகளை நான்கு அறைக்கும் மேலும் கீழுமாகச் சிதறவிடாமல் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் வையுங்கள், பழைய காலத்தவர்கள் வைத்த இடமும் அதுதான், குழாய் கசிந்தாலும் மரத்தரை தப்பிக்கும்.